ஏழாம் எண் வண்டியில் ஒரு 'டக்'

செல்வி என் மேஜைமேல் வைத்தது பதினொன்றாவது அட்டை.

மஞ்சள் நிற ஜாப் கார்டு. வண்டியில் ஏதாவது கோளாறு தென்பட்டால் ஓட்டுநர் அதில் எழுதி டிப்போவில் கொடுக்க வேண்டும். நாங்கள் பார்த்து, சரிசெய்து, கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் கம்ப்யூட்டரிலும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் அட்டையில் எழுதுவதும், ஏற்றிய பிறகு அச்செடுத்து அதே அட்டையோடு பின் குத்தி வைப்பதும் தலைநகரத்து வழக்கம்.

ஹிந்தியில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். 'வண்டி எண் ஏழு. முன் பெட்டி. நாலாவது நிலையம் தாண்டி வரும் இடது வளைவு. கூட்டம் இருக்கும்போது அடியில் டக் என்று ஒரு சத்தம்.' முந்தைய பத்து அட்டைகளிலும் இதேதான்.

"ஏம்மா செல்வி, ரயில்னா சத்தம் வரத்தான் செய்யும். சத்தமே வேண்டாம்னா சைக்கிள்லதான் போகணும்" என்றேன்.

"வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா சார்? ஆறு வருசமா ஓட்டறேன். இது அது இல்ல. டக்குனு ஒண்ணு. ஒரே ஒரு தடவ. அந்த எடத்துல மட்டும்."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்குக் கேக்குது சார்."

வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மேஜை டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்தேன்.

நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு

சக்கரம் கடைவதைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர், 'நீங்கள் அந்த டிப்போவில் உருப்படியாக ஏதாவது செய்ததுண்டா?' என்று கேட்டிருக்கிறார். செய்தேன் ஐயா. ஒரு ஸ்டாம்ப் செய்தேன்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டெல்லியின் பெரிய ரயில்களோடு எங்களுடையதை நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்களுடையது குட்டி ரயில். மூன்று பெட்டி வண்டிகள், மொத்தம் பதினொன்று. தினமும் காலையில் ஒன்பது வண்டி வெளியே போயாக வேண்டும். ஒன்பது போனால் நான் நல்ல மேலாளர். எட்டு போனால், என் வம்சத்தில் யாருக்குமே இன்ஜினீயரிங் வராது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள்.

ஓட்டுநர்கள் எழுதித் தரும் குறைகளில் பாதிக்கு மேல் டிப்போவுக்குள் வந்ததும் காணாமல் போய்விடும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போவதுபோல. ஏசியில் வாடை என்பார்கள். மோந்து பார்த்தால் இருக்காது. கதவு முனகுகிறது என்பார்கள். எங்கள் முன்னால் முனகாது. 'வண்டி இன்று சோர்வாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும்.

குறை கிடைக்கவில்லை என்றால், என்ன பார்த்தோம், எப்படிப் பார்த்தோம், என்ன தெரிந்தது என்று மூன்று வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இருபது அட்டை. என் ஆட்கள் திணறினார்கள். நான் லோதி ரோடு பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஸ்டாம்ப்காரரிடம் போனேன். ஜாயின்ட் செக்ரட்டரிகளுக்கெல்லாம் செய்து கொடுப்பவர். பத்தே நிமிஷத்தில் 'டெஸ்டட் ஓகே' என்று ஊதா நிறத்தில் விழும்படி ஒன்று செய்து கொடுத்தார்.

டிப்போவே என்னைக் கொண்டாடியது. ஒரே குத்தில் மூன்று வரி மிச்சம். ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் எழுத வேண்டுமே என்பதற்காகவாவது யாராவது ஒருத்தர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஸ்டாம்ப் வந்த பிறகு கண்ணுக்கு முன்னால் கை போனது.

என் காதின் புகழ்

செல்வியின் பதினொரு அட்டைகளில் ஏழில் விழுந்த முத்திரை என் கைப்படக் குத்தியது. அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல, என் காதும்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு என்ஜின் ஷெட்டில் இருந்தேன். அங்கே பேரிங்கின் நலம் அறிய ஒரு வழி உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இயந்திரத்தின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வது. உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். அப்படி ஒருநாள் கேட்டுவிட்டு, இந்த மோட்டார் ஒரு வாரம் தாங்காது என்றேன். ஐந்தாம் நாள் அது புகைந்து நின்றது.

அந்தக் கதை அடுத்த இருபத்தைந்து வருஷம் வட இந்தியா முழுக்கச் சுற்றியது. சுற்றவிட்டது நான்தான். எந்த டிப்போவுக்கு மாற்றலாகிப் போனாலும் நான் போய்ச் சேருவதற்கு முன்பே என் காது போய்ச் சேர்ந்துவிடும். இங்கே என் மூத்த சூப்பர்வைசர் சத்பீர், ஹரியானாக்காரர், என்னை 'டாக்டர் சாப்' என்றே கூப்பிடுவார். அவருக்குத் தொண்டை பெரிது. பக்கத்தில் நின்று பேசினாலும் எதிர் பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுவார்.

வீட்டில் அந்த மரியாதை இல்லை. டிவியைக் கத்தவிடுகிறேன் என்று என் மனைவிக்குக் குறை. டெல்லிக்காரர்கள் எல்லோரும் சமீப காலமாக முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்பது என் கருத்து. என் மனைவியின் கருத்து வேறு. அது என்னவென்று நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வி ஐந்தாவது அட்டையைக் கொடுத்தபோது, சரி, நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். காலை ஒன்பது மணிக் கூட்டம். ஏழாம் வண்டியில் ஓட்டுநர் அறையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். நாலாவது நிலையம் தாண்டி வளைவு வந்தது. அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போதும் நின்றேன், அடுத்த சுற்றிலும் நின்றேன். ஒன்றுமே இல்லை.

டிப்போவுக்கு வந்து ஒரு பயண அறிக்கை எழுதினேன். 'மேலாளர் முழுக் கூட்டத்தில் நேரில் பயணித்தார். சத்தம் ஏதும் இல்லை.' கீழே கையெழுத்து. பக்கத்தில் ஊதா முத்திரை.

அதற்குப் பிறகு யார் தேடுவார்கள்? டாக்டர் சாப் காதில் விழாத சத்தம் உலகத்தில் கிடையாது என்று டிப்போ முடிவு செய்தது. வேறு இரண்டு ஓட்டுநர்களுக்கும் அந்த 'டக்' கேட்டிருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. அட்டை எழுதினால் டியூட்டி முடிந்தும் அரை மணி நேரம் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் அவர்கள் அந்தச் சத்தம் காதில் விழாதபடி ஓட்டுநர் அறையிலிருந்த மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டார்கள்.

சோப்ராவின் இரக்கம்

எங்கள் நிறுவனத்தில் வண்டிகள் என்னுடையவை, ஓட்டுநர்கள் சோப்ராவினுடையவர்கள். அவர் ஓட்டப் பிரிவின் மேலாளர். நாங்கள் இருவரும் சம்பந்திகள் மாதிரி. சிரித்துப் பேசிக்கொள்வோம், குறை மட்டும் எப்போதும் அந்தப் பக்கத்தில்தான்.

சோப்ரா கெட்டவர் இல்லை. இரக்கம் உள்ளவர். சில பேருடைய இரக்கத்துக்குக் கோபமே தேவலை.

"அந்தப் பெண் மதராசி கேம்ப்காரி. தெரியுமல்லவா?" என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டார். தெரியும். ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் இருந்த தமிழர்களின் ஜுக்கிகள், அதாவது குடிசைகள். செல்வி பிறந்தது அங்கேதான். அப்பா, அம்மா விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மா ஜங்புரா வீடுகளில் பாத்திரம் தேய்த்து, இவளை லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். எனக்குப் பல வருஷங்கள் பிறகு, நான் பெஞ்சில் பெயர் கீறிவைத்த அதே பள்ளிக்கூடம். அந்தக் கோடையில் கேம்ப்பை இடித்திருந்தார்கள். குடும்பம் நகரத்தின் வடகோடிக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஜங்புராவுக்கு வர இரண்டு மணி நேரம் என்பதால் அம்மாவுக்கு வேலை போயிற்று. இப்போது வீடு நிற்பது செல்வியின் வேலையில்தான்.

"வீடு போன அதிர்ச்சி," என்று சோப்ரா நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "சத்தம் உங்கள் வண்டியில் இல்லை. இங்கே இருக்கிறது. பாவம். வியாழக்கிழமை காது டாக்டர். பிறகு கவுன்சலிங். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், தொலைந்த பொருள் அறையில் உட்காரட்டும்."

கவுன்சலிங் என்று ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால் ஓட்டுநர் திரும்ப வண்டி ஏறுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

விஷயத்தை அவளிடம் சொல்லும் வேலையையும் சோப்ரா என் தலையில் கட்டினார். தமிழில் சொன்னால் மனசுக்கு இதமாக இருக்குமாம். இதமாகத்தான் சொன்னேன். செல்வி முழுவதையும் கேட்டாள்.

"இடிக்கறப்போ நான் அங்கதான் நின்னேன் சார். அந்தச் சத்தம் எப்டி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். அது மடமடன்னு வரும், மண்ணு கண்ணுல விழும். இது டக்குனு ஒண்ணு. ரெண்டையும் கொழப்பிக்க நான் என்ன பாகலா, பைத்தியமா?"

அவள் அதோடு விடவில்லை.

"நீங்க எப்பப் பாத்தாலும் காலி வண்டியப் பாத்துட்டு சரியா இருக்குன்றீங்க. காலி கிரைண்டர் நல்லாத்தான் சார் சுத்தும். அரிசியப் போட்டாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்."

"கூட்டத்துல நான் வந்தேனே."

"வந்தீங்க. உங்களுக்குக் கேக்கல. அதுக்கு நான் என்னா சார் பண்றது?"

நூற்றைம்பது பேர், ஒரு பொய் மூட்டை

வண்டியில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவளை நம்பி அல்ல. என் காதை ஊரறிய இன்னொருமுறை நிரூபித்துவிட்டு அத்தியாயத்தை மூடலாம் என்றுதான்.

முறைப்படி மணல் மூட்டை ஏற்ற வேண்டும். மணல் மூட்டைக்கு டெண்டர், டெண்டருக்கு மூன்று கையெழுத்து, அதற்குள் குளிர்காலம் வந்துவிடும். சத்பீர்தான் வழி சொன்னார்.

"அரே சாப், மணல் எதுக்கு? மனுஷங்க சும்மாதானே உக்காந்திருக்காங்க!" இதை அவர் ஹிந்தியில் சொன்னார். தமிழில் தரும்போது இரண்டு வசவுகளைக் கழித்திருக்கிறேன்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் கூட்டம் குறைந்து பாதி வண்டிகள் டிப்போவுக்கு வந்துவிடும். ஏழாம் எண்ணை டிப்போவின் நுழைவுப் பாதையில் நிறுத்தினோம். அங்கேயும் ஓர் இடது வளைவு உண்டு. பிறகு ஆள் பிடிக்கத் தொடங்கினோம். கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், கேன்டீன், வண்டி கழுவுகிறவர்கள், தோட்டக்காரர்கள், காவலாளிகள் என்று நூற்றைம்பது பேர் முன் பெட்டியில் ஏறினார்கள்.

மொத்த பாரம் தெரிய வேண்டும் என்று சத்பீர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் எடை கேட்டு எழுதினார். அங்கேதான் பிழை செய்தோம். தராசு வைத்திருக்க வேண்டும். அவர்கள் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், கணக்குப் பிரிவு முழுவதும் சேர்ந்து ஒரு மூன்றாம் வகுப்பின் எடைதான் இருந்தது. வெல்டர்கள் மார்பை நிமிர்த்தி ஆளுக்குப் பத்து கிலோ கூட்டிச் சொன்னார்கள். கேன்டீன் சமையல்காரர் எடையைச் சொல்ல மறுத்து, "ரெண்டு பேருன்னு எழுதிக்குங்க" என்று ஏறிவிட்டார்.

சோப்ராவும் ஃபைலோடு வந்து ஏறினார். செல்வியை ஓட்ட அவர் அனுமதிக்கவில்லை. டிப்போவுக்குள் வண்டியை நகர்த்தும் ஓட்டுநர் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார். செல்வி பெட்டியின் நடுவில் என் பக்கத்தில் நின்றாள்.

முதல் ஓட்டத்தில் பிரளயம் வந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது. ஒருவர் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் போனில் பஜனை அடித்தது. கேன்டீன்காரர்கள் "டிக்கெட், டிக்கெட்!" என்று கத்த, கணக்குப் பிரிவு பெண்கள் செல்ஃபி எடுத்தார்கள். சத்பீர் ஓர் இருக்கைமேல் ஏறி நின்று, இனி வாய் திறப்பவனுக்கு என்ன ஆகும் என்று விளக்கினார். பெட்டி அடங்கியது.

இரண்டாவது ஓட்டம். டெல்லியில் நூற்றைம்பது பேர் ஒரே சமயத்தில் வாயை மூடி நான் பார்த்தது மௌன அஞ்சலிகளில் மட்டும்தான். அதிலும் யாராவது ஒருவர் போனில் இருப்பார். இங்கே யாரும் இல்லை. வண்டி மெதுவாக வளைவில் ஏறியது. செல்வி ஒரு விரலைத் தூக்கினாள்.

அடுத்த கணம் நூற்றைம்பது தலைகளும் தரையில் ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்பின. சமையல்காரர் அந்த இடத்திலிருந்து துள்ளி விலகினார். சோப்ராவின் ஃபைல் நழுவிக் கீழே விழுந்தது.

நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுச்சா டாக்டர் சாப்?" என்றார் சத்பீர், கண்கள் விரிய.

"ம்" என்றேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொருமுறை ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சக்கரத்தின் உருளல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல் வந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் மறுபடியும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி மட்டும் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அந்தப் பெண் பதினொரு தடவை ஊதியிருக்கிறாள். எந்தக் காதில் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குங்குமமும் விபூதியும்

இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு வெள்ளையில் கோடாகக் கசியும். பூசாரி மாதிரி சத்பீர் அதை பயபக்தியோடு செய்வார்.

சமையல்காரர் நின்ற இடத்துக்கு நேர் கீழே, வளைவில் வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் டேம்பர் இருக்கிறது. அதைத் தாங்கும் உள்ளங்கை அகல இரும்புப் பிடியில், இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு கசிந்தது. மயிரிழைதான். காலி வண்டியில் அது வாயை மூடிக்கொண்டு இருக்கும். கூட்டத்தோடு இடப்பக்கம் திரும்பினால் திறந்து மூடும். டக்.

மற்ற பத்து வண்டிகளையும் சோதித்தோம். இன்னொன்றில் ஆரம்ப நிலையில் இருந்தது. எல்லாவற்றையும் மாற்றினோம். அந்தப் பிடி ஓடும்போது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சோப்ரா கேட்டார். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் நான் நின்றது நினைவுக்கு வந்தது.

ஃபைல் மூட மறுத்தது

இதோடு செல்வி திரும்ப வண்டி ஏறிவிட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு அலுவலகம் தெரியாது என்று அர்த்தம்.

மறுநாளும் அவள் தொலைந்த பொருள் அறையில்தான் இருந்தாள். சோப்ராவிடம் போனேன். அவர் ஃபைலைத் திறந்து என் பயண அறிக்கையைக் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்துதானே? முழுக் கூட்டம், அதே இடம், சத்தம் இல்லை. அப்படியானால் விரிசல் அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு இல்லாத சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். கவுன்சலிங் நடக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் என்ன எழுதுவது? ஒன்று அவள் காது கோளாறு, இல்லை உங்கள் காது கோளாறு."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார் போலிருக்கிறது.

நான் அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓய்வுபெற எனக்கு அதிக காலம் இல்லை. காதுக்காரன் என்ற பெயரோடு மாலை போட்டுக்கொண்டு போக நான் ஆசைப்பட்டதும் உண்மை. ஆனால் வழியில் தொலைந்த பொருள் அறை இருந்தது. உள்ளே செல்வி குடைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலம், நாற்பது குடை இருக்கும்.

"வியாழக்கிழமை டாக்டர் கேட்டா என்னா சார் சொல்லட்டும்?" என்றாள், தலை நிமிராமல். "சத்தம் கேட்டுச்சுன்னா பைத்தியம்பாங்க. கேக்கலன்னா பொய்யா அட்டை எழுதுனியாம்பாங்க. எத சொன்னா எனக்கு வண்டி குடுப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்று கேட்டாள்.

திரும்பிப் போய் அரைப் பக்கம் எழுதினேன். 'என் பயண அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். சத்தம் இருந்தது. எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஓட்டுநர் எழுதிய பதினொரு அட்டைகளும் சரி.' ஸ்டாம்ப் குத்தவில்லை.

சோப்ரா இரண்டு தடவை படித்தார். "இதற்கு மருத்துவச் சான்று வேண்டுமே" என்றார்.

"வியாழக்கிழமைக்கு ஒரு டாக்டர் காத்திருக்கிறாரே. பேரை மட்டும் மாற்றிப் போடுங்கள்" என்றேன்.

கண்ணாடி அறை

காது சோதிக்கும் அறை ஒரு பீரோ அளவுதான். ஒரு மலையாளிப் பெண் என் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

முதலில் கப்பல் சங்கு மாதிரி சில சத்தங்கள் வந்தன. அழுத்தினேன். பிறகு நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது, டெல்லியில் சகஜம்தானே என்று காத்திருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. கண்ணாடியைத் தட்டி, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று சைகையில் கேட்டேன். அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"முடிஞ்சு சார்" என்றார். "ரெண்டு காதும் முடிஞ்சு."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் காகிதத்தைக் காட்டினேன். "இதக் கண்டுபுடிக்க ஒரு மிஷின் வேணுமாக்கும்? எங்கிட்ட கேட்டிருந்தா பத்து வருசத்துக்கு முன்னாலயே எழுதிக் குடுத்திருப்பேன்லா!" என்றாள். இது எனக்கு நன்றாகக் கேட்டது.

டிப்போவில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சத்பீர் மட்டும் வருத்தப்பட்டார். "நான் இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். உங்களுக்கு அப்படிப் பேசினாத்தான் புடிக்கும்னு நெனச்சேன் சாப்!" என்று கத்தினார்.

இன்னொரு சுற்று

செல்வி வண்டி ஏறிய மறு வாரம் நானும் ஏறினேன். காலை ஒன்பது மணி, அதே ஏழாம் எண். மூன்று வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கூட்டத்தை ஒன்றாகத் திணித்ததுபோல் கூட்டம். ஓட்டுநர் அறையில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"மன்னிச்சுக்கம்மா" என்று சொல்ல வேண்டும் என்று மூன்று நிலையமாக வாயில் வைத்திருந்தேன். நாலாவது நிலையத்தில் சொல்லியும்விட்டேன். அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவுகள் மூடின. வண்டி கிளம்பியது. வளைவு வந்தது. பழக்கத்தில் அவள் விரல் உயர்ந்தது. வளைவைத் தாண்டினோம். விரல் இறங்கியது.

"ஒண்ணும் கேக்கல சார்" என்றாள், சந்தோஷமாக.

"எனக்கும் கேக்கலம்மா" என்றேன், அதைவிடச் சந்தோஷமாக.

அடுத்த நிலையத்தில் வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, அவள் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல. வலது காதைப் பார்த்தாள். எட்டி இடது காதையும் பார்த்தாள்.

"மிஷின் எங்க சார்?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய காது மிஷின் டப்பாவோடு அங்கேதான் இருந்தது. கூட்டத்தில் யாராவது பார்ப்பார்களே என்று டிப்போ வாசலிலேயே கழற்றி வைத்திருந்தேன்.

"மாட்டுங்க" என்றாள். "திருப்பி ஒரு ரவுண்டு வர்றீங்க. அப்பறம் எழுதுங்க, கேக்கலன்னு."

மாட்டிக்கொண்டேன். ஒரேயடியாகப் பெட்டி முழுவதும் காதுக்குள் வந்தது. போன்கள், குழந்தைகள், கதவின் மணி, யாரோ ஒரு பெண்மணி சீக்கிரம் நகரச் சொல்லி "அரே பையா, ஜல்தி கரோ" என்று கத்துவது, எல்லாம். நகரம் அவ்வளவு சத்தமாக இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவுக்காக நின்றேன்.